காவல் நிலைய வாசலில் மக்காச்சோளம்: சம்பளம் வாங்காத தலைமை எப்படி வேலை செய்கிறது?

இங்கிலாந்தின் வடபகுதியில், லீட்ஸுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவே, குன்றுகள் நெருக்கும் குறுகலான பள்ளத்தாக்கு ஒன்றில் டாட்மார்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. சுமார் 15,000 பேர் வாழும் ஊர். பருத்தி ஆலைகளால் ஒரு காலத்தில் செழித்து, ஆலைகள் மூடப்பட்ட பிறகு வெளியுலகம் மறந்துபோன ஊர். அங்கே காவல் நிலையத்தின் வாசலில் மக்காச்சோளம் வளர்ந்தது. ரயில் நிலைய நடைமேடையில் மூலிகைப் பாத்திகள், மருத்துவ மையத்தைச் சுற்றிப் பழமரங்கள், கால்வாய்க் கரையிலும் சாலையோரத்திலும் காய்கறிகள். கல்லறைத் தோட்டத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. அங்கே மண் மிக நல்ல மண் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம். காசு கொடுக்க வேண்டாம், யாரிடமும் கேட்கவும் வேண்டாம்.

'இன்கிரெடிபிள் எடிபிள்' என்ற பெயரில் 2008ஆம் ஆண்டு தொடங்கிய இந்த முயற்சியைப் பற்றி உலகம் முழுவதும் எழுதிவிட்டார்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் காய்கறியைப் பற்றியே எழுதினார்கள். படத்துக்கு நன்றாக இருப்பது அதுதான். எனக்கு வியப்பாக இருப்பது வேறு. சம்பளம் வாங்கும் ஆள் ஒருவர்கூட இல்லாமல், சொந்தக் கட்டடம் இல்லாமல், அரசு மானியத்தை நம்பாமல் ஓர் அமைப்பு இத்தனை ஆண்டுகள் நடந்திருக்கிறது. நடத்தியது யார்? அவர்கள் என்னதான் செய்தார்கள்?

சம்பளம் இல்லாத தலைமையைச் சம்பளத் தலைமையின் மலிவுப் பதிப்பாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. பணம் இல்லாததால் ஆர்வலர்களை வைத்துச் சமாளிக்கிறார்கள், நாளைக்குப் பணம் வந்தால் முறையாக ஆள் வைப்பார்கள் என்று நினைக்கிறோம். உள்ளூர் உணவு அமைப்புகளைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் இது சரியில்லை என்று தெரியும். சம்பளம் இல்லை என்ற ஒரே காரணத்தால் இத்தகைய தலைவர்களால் சில காரியங்களைத் துணிந்து செய்ய முடிகிறது. அதே காரணத்தால் வேறு சில காரியங்கள் அவர்கள் கைக்கு எட்டுவதேயில்லை.

டாட்மார்டன் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக 'சாதாரணப் பெண்கள் சிலர் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள்' என்று ஆரம்பிப்பார்கள். சமையலறை மேசை உண்மைதான். சாதாரணம் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். முதன்மையாகத் தொடங்கிய பாம் வார்ஹர்ஸ்ட், அந்த வட்டாரத்தை ஆளும் கால்டர்டேல் மன்றத்தின் தலைவராக முன்பு இருந்தவர். பிறகு 2010 முதல் 2012 வரை பிரிட்டனின் வனத்துறை ஆணையத்துக்கே தலைவராக இருந்தார். 2007இல் ஒரு மாநாட்டில் உணவுக் கொள்கைப் பேராசிரியர் டிம் லாங் பேசியதைக் கேட்டுவிட்டு, ஊர் திரும்பும் ரயிலில் இந்த எண்ணத்தை உருவாக்கினார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. அந்த எண்ணத்தை முதலில் பகிர்ந்துகொண்டது மேரி கிளியரிடம். அவர் அதே ஊரில் சமுதாயப் பணியாளராக இருந்தவர். ஒருவருக்கு மன்ற அலுவலகத்தில் எந்தக் கோப்பு எந்த மேசையில் தங்கும் என்று தெரியும். இன்னொருவருக்கு எந்தத் தெருவில் யார் வீட்டுக் கதவைத் தட்டினால் திறக்கும் என்று தெரியும். இந்த இரண்டு அறிவும் சேராத ஊரில் இதே யோசனை சமையலறை மேசையிலேயே ஆறிப்போயிருக்கும்.

மருத்துவ மையத்தின் கதை இதற்கு நல்ல சாட்சி. புதிதாகக் கட்டிய மையத்தைச் சுற்றி முள்செடிகளை நட்டு வைத்திருந்தார்கள். நோயைக் குணப்படுத்தும் இடத்தைச் சுற்றி வாயில் வைக்க முடியாத செடிகளா என்று இவர்களுக்கு உறுத்தியது. பிடுங்கிவிட்டு உண்ணக்கூடியவற்றை நடலாமா என்று மருத்துவர்களைக் கேட்டார்கள். தாராளமாகச் செய்யுங்கள், திட்ட அனுமதி வாங்கி, விண்ணப்பத்தை லத்தீனில் எழுதி மூன்று பிரதி கொடுங்கள் என்றார்களாம் மருத்துவர்கள். வார்ஹர்ஸ்ட் 2012இல் ஆற்றிய உரை ஒன்றில் இதைச் சொல்லிவிட்டு, அப்படியே செய்தோம் என்று முடித்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அலுவலக நடைமுறையைக் கண்டு மிரளாத ஒருவரால்தான் அந்த நகைச்சுவையைச் சொல்ல முடியும்.

மேரி கிளியர் தன் வீட்டின் முன்சுவரைத் தணித்துவிட்டு, தோட்டத்தில் காய்கறி நட்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி வைத்தார். ஊரார் உடனே வந்து அள்ளிக்கொண்டு போகவில்லை. அடுத்தவர் தோட்டத்தில் கைவைக்கக் கூடாது என்று வளர்ந்த மக்கள். அந்தக் கூச்சம் தெளியப் பல மாதங்கள் ஆயின. இங்கே தலைவர் செய்த வேலை நடவு வேலை மட்டுமில்லை, காத்திருக்கும் வேலையும்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிதி கொடுத்தவருக்கு 'பயனாளிகள் எத்தனை பேர்' என்று அறிக்கை அனுப்ப வேண்டிய மேலாளராக இருந்திருந்தால், அந்த முதல் காலாண்டு அறிக்கையில் பூஜ்யம் என்று எழுதியிருக்க வேண்டும். திட்டம் அத்தோடு முடிந்திருக்கும்.

பொது இடங்களில் முதலில் நட்டவற்றுக்கு அவர்கள் 'பிரச்சாரத் தோட்டங்கள்' என்று பெயர் வைத்தார்கள். அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. நாய்கள் அசிங்கம் செய்யும், புல்லும் குப்பையும் மண்டிய மூலைகளாகப் பார்த்து நட்டார்கள். யாருக்கும் வேண்டாத இடத்தில் முட்டைக்கோஸ் வளர்ந்தால் எந்த அதிகாரி வந்து பிடுங்குவார்? பிடுங்கினால் செய்தித்தாளில் அவர் படம்தான் வரும். சில ஆண்டுகளில் மன்றமே இறங்கிவந்தது. தன்னிடம் சும்மா கிடக்கும் நிலங்களைப் பட்டியலிட்டு, பயிரிட விரும்பும் குழுக்களுக்கு உரிமம் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தது. தன் ஊழியர்களிடமும் இவர்களுக்கு முடிந்த உதவியைச் செய்யுங்கள் என்று சொல்லியது.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் செயல், பிறகு சட்டம். சம்பளத்துக்கு நிர்வாகம் செய்பவர் இதை இப்படிச் செய்யவே முடியாது. அவருக்கு ஒரு மேலாளர் இருப்பார், மேலாளருக்கு நிதியளிப்பவர் இருப்பார், நிதியளிப்பவருக்கு வழக்கறிஞர் இருப்பார். பூங்கா மூலையில் பீன்ஸ் நடுவதற்கு முன்னால் அத்தனை பேரையும் தாண்டி வரவேண்டும். சம்பளமில்லாத தலைவருக்கு இழப்பதற்கு வேலை இல்லை. அதனால் அவர் பயப்பட வேண்டியதும் குறைவு.

ஆனால் இந்தச் சுதந்திரம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. வேலை போகாது என்ற தைரியத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் ஓய்வூதியமோ, சொந்த வீடோ, சம்பாதிக்கும் துணையோ இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவு பெற்ற அறக்கட்டளைகளில் அறங்காவலர்கள் பொதுவாக ஊதியம் பெறக் கூடாது. 2017இல் வெளியான ஆய்வொன்று அவர்களில் ஆண்கள் பெண்களைப் போல இரண்டு மடங்கு என்றும், 92 சதவீதம் பேர் வெள்ளையர் என்றும் கண்டது. வயதும் கூடியவர்கள். ஊதியம் கூடாது என்பது சுயநலத்துக்கு எதிரான வேலி. அந்த வேலி வறியவர்களையும் வெளியே நிறுத்திவிடுகிறது என்பதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் நடந்துவிட்டது. டாட்மார்டனில் பெண்கள் முன்னணியில் நின்றது அந்தப் பொதுப் போக்குக்கு விலக்கு. கையில் நேரம் இருந்தவர்களே முன்னணியில் நின்றார்கள் என்பதில் விலக்கு ஏதுமில்லை.

சரி, அன்றாட வேலை என்ன? மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆர்வலர்கள் கூடி வேலை செய்வார்கள். வேலை முடிந்ததும் சேர்ந்து சாப்பாடு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவ்வளவுதான் தெரியும். நம் ஊரில் ஒரு நூலகமோ குளம் தூர்வாரும் குழுவோ நடத்திப் பார்த்தவர்களுக்கு மீதி தெரியும். மண்வெட்டிகள் யார் வீட்டுக் கொட்டகையில் இருக்கின்றன, விடுமுறைக் காலத்தில் தண்ணீர் ஊற்றுவது யார், யாராவது தடுக்கி விழுந்தால் காப்பீடு உண்டா, உரத்தின் நாற்றம் பற்றிக் கடிதம் எழுதிய பக்கத்துவீட்டுக்காரரிடம் யார் போய்ப் பேசுவது, போன கூட்டத்தின் குறிப்பை எழுதியது யார், எழுதவில்லையென்றால் ஏன். மரம் நட ஐம்பது பேர் வருவார்கள். களை பறிக்கப் பத்துப் பேர் மிஞ்சுவார்கள். கணக்கெழுத ஒருவர் கிடைத்தால் அவரைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்ற வேண்டும். தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு சங்கத்தைப் பதிய ஏழு பேர் போதும். அந்த ஏழு பேரில் மூன்றாம் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய எத்தனை பேர் இருப்பார்கள் என்பதைச் சட்டம் கேட்பதில்லை.

இந்த இடத்தில் டாட்மார்டன்காரர்கள் புத்திசாலிகள். சாப்பிடுகிறவர் எவரும் நம்மவர் என்பதுதான் அவர்களுடைய முழக்கம். உறுப்பினர் அட்டை, சந்தா, தகுதி என்று வாசலில் ஆளை நிறுத்தவில்லை. மொத்த வேலையையும் மூன்று தட்டுகளாகப் பிரித்து விளக்கினார்கள்: அன்றாட வாழ்க்கையில் சமூகம் செய்வது, பள்ளியில் குழந்தைகள் கற்பது, ஊரில் வணிகர்கள் விற்பது. மூன்றையும் ஒருவரே சுமக்க வேண்டியதில்லை. பள்ளித் தோட்டத்தில் ஆர்வமுள்ள ஆசிரியர் குழுவின் அரசியலைத் தொடாமல் தன் வேலையைச் செய்யலாம். சந்தையில் கடை வைத்திருப்பவர் கூட்டத்துக்கே வராமல், எது உள்ளூர்ச் சரக்கு என்று கரும்பலகையில் எழுதி வைத்தால் போதும். ஆளுக்கு ஒரு சிறிய, முடிக்கக்கூடிய வேலையைக் கொடுப்பது தலைமையின் பெரிய திறமை. உத்தரவு போட முடியாத இடத்தில் வேறு வழியும் இல்லை. வராதவருக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது, சண்டை போடுபவரை வேலையை விட்டு நீக்க முடியாது. மனம் நோகாமல் ஒருவரைப் பொறுப்பிலிருந்து விலக வைப்பதைப் போலக் கடினமான காரியம் ஆர்வலர் அமைப்பில் வேறில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு தோல்வியைச் சொல்லாமல் போனால் நியாயமாகாது. 2018க்குள் டாட்மார்டன் உணவில் தன்னிறைவு அடையும் என்று ஆரம்ப ஆண்டுகளில் அறிவித்தார்கள். பத்திரிகைகள் அதைத் தலைப்பாக்கின. 2018 வந்தது, போனது. தன்னிறைவு வரவில்லை. வரக்கூடியதாகவும் இருந்ததில்லை என்பது என் கருத்து. மழை கொட்டும் சரிவுகள், ஆடு மேயும் மேட்டு நிலம், கோதுமைக்கு இடமே இல்லாத பள்ளத்தாக்கு. சாலையோரப் பாத்திகளின் விளைச்சலால் 15,000 வயிறுகள் நிரம்பாது. அந்தக் கணக்கு அவர்களுக்கே தெரியாமல் இருந்திருக்காது.

அப்படியானால் எது மாறியது? மாறியதைக் கணக்குக் காட்டப் பலர் முயன்றிருக்கிறார்கள். ஊரின் உணவு வணிகர்களில் 49 சதவீதம் பேர் தங்கள் வருமானம் கூடியதாகச் சொன்னார்கள் என்று வார்ஹர்ஸ்ட் அந்த 2012 உரையில் கூறினார். மத்திய லங்காஷயர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்த முயற்சியில் போடும் ஒவ்வொரு பவுண்டுக்கும் சமூகத்துக்கு 5.51 பவுண்டு மதிப்புத் திரும்புகிறது என்று கணித்தார்கள். அந்தக் கடைசி ஒரு பென்ஸ் வரை கணக்கிட்டிருக்கும் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். காய்கறியைப் பார்க்கவே சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள், அவர்கள் காபி குடித்தார்கள், ரொட்டி வாங்கினார்கள். இதெல்லாம் உண்மையான பலன். தன்னிறைவு என்று சொன்னதும் இதுவும் ஒன்றல்ல. சம்பளத்துக்கு இருந்த இயக்குநர் இப்படி ஓர் இலக்கை அறிவித்துத் தவறவிட்டிருந்தால் 2018இல் அவர் பதில் சொல்லியாக வேண்டும். இங்கே யாரும் கேட்கவில்லை. இலக்கு ஓசையில்லாமல் உதிர்ந்துவிட்டது. ஆர்வலர் தலைமைக்கு இது ஒரு சலுகை. ஆபத்தும் இதுதான்.

பணத்தோடு அவர்களுக்கு இருந்த உறவு இன்னும் சுவாரசியமானது. மையக் குழு சம்பளத்தைத் தொடவில்லை. சுற்றிப் பார்க்க வருபவர்கள் தருவதும் சொற்பொழிவுகளில் வருவதும் அதற்குப் போதுமானதாக இருந்தன. ஆனால் பெரிய ஆசைகள் முளைத்தபோது, பக்கத்து ஊரான வால்ஸ்டனில் ஒரு பண்ணையும், உயர்நிலைப் பள்ளி வளாகத்தில் மீன் வளர்ப்பையும் செடி வளர்ப்பையும் இணைக்கும் நீர்த்தோட்டமும் உருவாயின. பண்ணைக்கும் நீர்த்தோட்டத்துக்கும் முதலீடு வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், லாட்டரி வருமானத்திலிருந்து பொதுப்பணிகளுக்குத் தரும் நிதி போன்றவற்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவற்றை மையக் குழுவோடு கலக்காமல் தனித்தனி அமைப்புகளாக வைத்தார்கள்.

இதை நான் அவர்களுடைய மிக நல்ல முடிவாக நினைக்கிறேன். ஒரு குழு முதல் ஊழியரை நியமிக்கும் நாளில் அதன் இயல்பே மாறிவிடுகிறது. அதுவரை தோழர்களாக இருந்தவர்கள் முதலாளிகள் ஆகிறார்கள். மாதக் கடைசியில் சம்பளம் போட்டாக வேண்டும். விடுப்பு, வரிப் பிடித்தம், நோய்வாய்ப்பட்டால் என்ன செய்வது என்று கூட்டத்தின் நேரம் முழுவதும் அதற்கே போகும். சம்பளம் வாங்குபவர் இருக்கும்போது நான் ஏன் இலவசமாகக் களை பறிக்க வேண்டும் என்று சிலர் வாய்விட்டுக் கேட்பார்கள், பலர் கேட்காமலே நின்றுவிடுவார்கள். பிறகு ஊழியரின் வேலையைக் காப்பாற்றவே அடுத்த நிதியைத் தேடும் கட்டம் வருகிறது. இத்தனை மாற்றமும் தீமை என்று சொல்லவில்லை. பசித்தவருக்கு வாரா வாரம் தவறாமல் உணவு போய்ச்சேர வேண்டிய அமைப்புகளுக்கு ஊழியர் அவசியம். காவல் நிலைய வாசலில் சோளம் ஒரு வருடம் சரியாக வராவிட்டால் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். அதனால்தான் டாட்மார்டனுக்குச் சம்பளம் இல்லாமல் கட்டுப்படியாகிறது.

ஆர்வலர் தலைமை வளர்ச்சியைச் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. குன்றைத் தாண்டினால் ராச்டேல். 1844இல் 28 பேர் அங்கே கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்து, டிசம்பர் 21 அன்று டோட் லேன் தெருவில் கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சரக்கு. கலப்படமில்லாத உணவு நியாயமான விலைக்கு வேண்டும் என்பதுதான் அவர்கள் தேவை. பகலில் உழைத்துவிட்டு மாலையில் கடையைக் கவனித்தார்கள். எவ்வளவு பங்கு போட்டிருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்றார்கள். உலகக் கூட்டுறவு இயக்கத்தின் ஊற்றுக்கண் அது. நம் ஊர்க் கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கும் தூரத்து முன்னோர்.

அந்த மரபில் வந்த பிரிட்டனின் கோ-ஆபரேட்டிவ் குழுமம் பின்னாளில் மளிகைக் கடைகள், இறுதிச் சடங்கு நிறுவனம், வங்கி என்று பரந்தது. தலைமைக்கு வரும் வழி மட்டும் பழையபடியே இருந்தது: உள்ளூர்க் குழுவில் தேர்தல், அங்கிருந்து வட்டாரம், அங்கிருந்து மத்திய நிர்வாகக் குழு. 2013இல் வங்கியின் மூலதனத்தில் 150 கோடி பவுண்டு ஓட்டை இருப்பது தெரிந்தது. குழுமம் அந்த ஆண்டுக்கு 250 கோடி பவுண்டு நட்டம் காட்டியது. வங்கியின் பெரும்பங்கு கையைவிட்டுப் போனது. என்ன நடந்தது என்று ஆராய்ந்த மைனர்ஸ் பிரபுவின் 2014 அறிக்கை, நிர்வாகக் குழுவில் இருந்த தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவ்வளவு பெரிய வணிகத்தை மேற்பார்வையிடத் தகுதி பெற்றவர்கள் அல்லர் என்று கடுமையாகச் சொன்னது. பூச்சுவேலைக்காரர், செவிலியர், பொறியாளர் என்று அவர்கள் தொழில்களையும் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் ஒரு மேட்டிமைத்தனம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். பட்டம் பெற்ற வங்கியாளர்கள் மட்டுமே உட்கார்ந்த வங்கிகளும் 2008இல் கவிழத்தானே செய்தன. இருந்தாலும் அறிக்கையின் மையக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. மாவும் வெண்ணெயும் விற்கும் கடைக்கு, எடை போடத் தெரிந்த நேர்மையான அண்டை வீட்டார் போதும். கோடிக்கணக்கான பவுண்டு கடன் ஏட்டைப் படிக்க நேர்மை மட்டும் போதாது.

இதற்கு வேறு விதமாக விடை கண்ட ஓர் இடம் நியூயார்க்கின் புரூக்ளினில் இருக்கிறது. 1973இல் தொடங்கிய பார்க் ஸ்லோப் உணவுக் கூட்டுறவுக் கடையில் பொருள் வாங்க வேண்டுமென்றால் உறுப்பினராக இருக்க வேண்டும், உறுப்பினர் என்றால் உழைக்க வேண்டும். நீண்ட காலம் அங்கே இருந்த விதி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை 2 மணி 45 நிமிடம். பெட்டி இறக்குவது, பாலாடைக்கட்டி வெட்டுவது, கல்லாவில் நிற்பது எல்லாம் உறுப்பினர்கள். அவர்களை ஒருங்கிணைக்க மட்டும் சம்பள ஊழியர்கள். கொள்கை முடிவுகள் மாதாந்திரப் பொதுக்கூட்டத்தில். டாட்மார்டனில் தலைமை சிலரிடம் குவிந்திருக்கிறது என்றால், இங்கே அது ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சிறு சிறு துண்டாகப் பங்கிடப்பட்டிருக்கிறது.

அதன் விலை பொதுக்கூட்டத்தில் தெரியும். 2012 மார்ச்சில் இஸ்ரேலியப் பொருள்களைப் புறக்கணிப்பது குறித்து உறுப்பினர்களிடையே வாக்கெடுப்பு நடத்தலாமா என்ற கேள்வி எழுந்தது. கவனியுங்கள், புறக்கணிக்கலாமா என்றுகூட இல்லை. அதைப் பற்றி வாக்கெடுக்கலாமா என்றுதான். ஒரு பள்ளி அரங்கத்தில் பெருங்கூட்டம் கூடியது; 1,005 பேர் வேண்டாம் என்றும் 653 பேர் வேண்டும் என்றும் வாக்களித்தார்கள். மளிகைக் கடையில் இப்படி நடப்பதைப் பலர் கேலி செய்தார்கள். எனக்குக் கேலி தோன்றவில்லை. எதை விற்பது என்பதை உண்மையிலேயே மக்களிடம் விட்டால், அவர்கள் தக்காளியின் விலையோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள்.

எல்லா ஆர்வலர் அமைப்புகளையும் ஒருநாள் பிடித்துக்கொள்ளும் கேள்வி, அடுத்தது யார் என்பது. நிறுவியவர் ஊதியம் வாங்காததாலேயே அவர்மேல் ஊருக்குப் பெருமதிப்பு. மதிப்பு இருப்பதாலேயே அவரை மாற்றுவது பற்றிப் பேசவே கூச்சம். தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த உதாரணம் திருத்துறைப்பூண்டிப் பக்கம் இருக்கிறது. நுகர்வோர் இயக்கத்திலிருந்து வந்த நெல் ஜெயராமன், சுமார் 170 பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிச் சேர்த்தவர். ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தியவர். 2018 டிசம்பர் 6 அன்று ஐம்பது வயதில் காலமானார். அவரோடு எல்லாம் முடிந்துவிடும் என்று அஞ்சியவர்கள் உண்டு. திருவிழா தொடர்ந்தது. தமிழ்நாடு அரசு 2021இல் அவர் பெயரிலேயே மரபுசார் நெல் வகைகளைப் பாதுகாக்கும் இயக்கத்தை அறிவித்தது.

திருவிழாவுக்கு ஆள் பிடிக்க, மேடை போட ஒருவர் இருந்தே தீர வேண்டும். விதைகளுக்கு அப்படியில்லை என்பதை ஜெயராமனின் விதி ஒன்று உறுதி செய்திருந்தது. திருவிழாவுக்கு வரும் விவசாயிக்கு இரண்டு கிலோ விதைநெல் இலவசம். அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். இந்த ஒரு வரிக்குள் ஒரு முழு அமைப்பு இருக்கிறது. விதை ஒரே களஞ்சியத்தில் முடங்காமல் நூற்றுக்கணக்கான வயல்களில் பரவிவிடுகிறது. ஒவ்வொரு விவசாயியும் கிளைப் பொறுப்பாளர் ஆகிறார், தேர்தலும் பதவியும் இல்லாமலே. மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் யாருடைய பதவிக்காலத்தையும் சார்ந்திருக்கவில்லை.

டாட்மார்டனும் தன் வழியில் இதைத்தான் செய்தது. பெயரைப் பூட்டி வைக்கவில்லை. எடுத்துச் செய்ய விரும்பிய ஊர்களுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. 2012இல் இந்தக் குழுக்களுக்கென ஒரு வலையமைப்பு உருவானது. பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட குழுக்கள் தோன்றின. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் கோல்ரா-லா-ரோஷ் என்ற சிற்றூரில் பிரான்சுவா ரூயே என்பவர் அதே எண்ணத்தைப் பிரெஞ்சுப் பெயரில் தொடங்கி நாடு முழுவதும் கொண்டுபோனார். பல குழுக்கள் ஓரிரு ஆண்டுகளில் வாடியும் போயிருக்கும். மையத்தில் சம்பள நிர்வாகம் இல்லாததால் அந்த வாடலுக்கு மையம் பொறுப்பேற்க வேண்டியதுமில்லை, தாங்கிப்பிடிக்க அதனால் முடிவதுமில்லை.

அடுத்த திருப்பம் இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் நடந்தது. பொது நிலத்தில் பயிரிடுவது மக்களின் உரிமையாக வேண்டும் என்று இன்கிரெடிபிள் எடிபிள் வலையமைப்பு பல ஆண்டுகளாகப் பிரச்சாரம் செய்துவந்தது. 2023 அக்டோபரில் ஹல் நகர மன்றம் அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றியது. பிரிட்டனில் அப்படிச் செய்த முதல் மன்றம் அதுதான். கேட்காமல் நடுவதில் தொடங்கிய இயக்கம், கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்ற இடத்துக்கு வந்து நிற்கிறது. இது வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் இத்தகைய குழுக்களை நடத்த வருபவர்கள் இனி வேறு மாதிரியானவர்களாக இருக்கக்கூடும். குப்பைமேட்டில் துணிந்து முட்டைக்கோஸ் நட்டவரின் குணம் ஒன்று; மன்றத்தின் நிலப் பட்டியலைப் பார்த்து, விண்ணப்பித்து, காப்பீட்டு நிபந்தனைகளைப் படித்து, ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிப்பவரின் குணம் வேறு. முன்னவர்களை ஊர் தானாகவே தந்தது. பின்னவர்களைத் தேடிப்பிடிக்கும் வேலை ஹல்லில் அந்தத் தீர்மானத்தோடுதான் தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்களும் குழந்தைகளை வளர்ப்பவர்களும் அதற்கு வர முடிகிற நேரத்தில் கூட்டங்களை வைக்கிறார்களா என்பதைப் பொறுத்தே அந்த உரிமையைப் பயன்படுத்தப் போவது யார் என்பது முடிவாகும்.